உரிமையாளர்: தெரியவில்லை

"ஹலோ... ஹலோ மேடம்! அந்தப் பெட்டியை யார் இங்க வைக்கச் சொன்னது?"

விசில் சத்தத்தோடு சேர்ந்தே வந்தது அந்தக் குரல். மழை அப்போதுதான் பிடித்திருந்தது. பஸ் நிலையத்தின் தகரக் கூரையில் யாரோ கூழாங்கற்களை மூட்டையோடு கவிழ்த்துவிட்ட மாதிரி இரைச்சல். கண்ணாடிப் பெட்டியின் மேல் பிளாஸ்டிக் உறையை இழுத்துக்கொண்டே அவள் திரும்பினாள்.

நீலச் சட்டை. கழுத்தில் விசில். கையில் தடித்த பதிவேடு. கண்கள்... கண்கள் அவளைப் பார்க்கவே இல்லை. மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நகராட்சி அனுமதி இருக்கு சார். பத்து நாளைக்கு."

"அனுமதி இருக்கட்டும். உங்க பெட்டியால ஏழாம் நம்பர்ல மூணு பேர் ஏறலை. பஸ் வந்துச்சு, நின்னுச்சு, போயிடுச்சு. மூணு பேரும் பெட்டி மேல தலையைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கறாங்க. அப்புறம் அதுல ஒரு அம்மா வந்து, 'ஏன்ப்பா எங்களைக் கூப்பிடலை'ன்னு என்கிட்டச் சண்டை!"

மூன்று பேர் நின்று பார்த்தார்களா! அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்கறீங்க..."

"இல்ல சார். நிஜமாவே பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க. பஸ்ஸைத் தவிர எல்லாத்தையும் பார்த்தாங்க."

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். விளக்குப் போடாமலே படிக்கலாம் போல அத்தனை தெளிவான கண்கள். கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் சிரிப்பு ஒன்று எப்போது வெளியே வரலாம் என்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. அவள்தான் முதலில் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்... ஏன் தாழ்த்தினோம் என்று வீடு போகும்வரை யோசித்தாள்.

அவன் அந்த நிலையத்தின் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுகிறவன். டிரைவர்கள் அவனைக் 'கடிகாரம்' என்று கூப்பிட்டார்கள். எட்டு வருஷமாக அவன் பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாதாம்.

அவளோ கட்டடம் வரைகிறவள். ஊருக்கு ஓர் அருங்காட்சியகம் அமைக்கும் வேலை அவள் அலுவலகத்துக்குக் கிடைத்திருந்தது. வாசல் கிடையாது, டிக்கெட் கிடையாது, 'தொடாதீர்கள்' என்று முறைக்கும் காவலாளி கிடையாது. பஸ் நிலையத்திலிருந்து சந்தைக்குப் போகிற அந்த நீளத் தெருவே அருங்காட்சியகம். செருப்புத் தைக்கிறவர் பக்கத்தில் ஒரு பெட்டி, சலவைக் கடை வாசலில் ஒரு பெட்டி, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற இடத்தில் நான்கு பெட்டிகள். உள்ளே தெருக்காரர்கள் கொடுத்த சாதாரணப் பொருள்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு அட்டை: இது என்ன, என்ன செய்தது, யாருடையது. மக்கள் போகிற போக்கில் பார்க்க வேண்டும், வேலை கெடாமல் பார்க்க வேண்டும். முதலில் பதினொரு பெட்டிகளோடு பத்து நாள் வெள்ளோட்டம். பத்தாம் நாள் நகராட்சிக் குழு வந்து பார்க்கும். சரிப்படவில்லையென்றால் ஊருக்கு வெளியே மதில் கட்டி ஒரு மண்டபம், அவ்வளவுதான்.

"ஒரு அட்டையைப் படிக்க எவ்ளோ நேரமாகும்?" என்று கேட்டான் அவன்.

"தெரியலையே..."

"தெரியாமத்தான் வெச்சீங்களா?" அவன் பெட்டிமுன் நின்று கடிகாரத்தைப் பார்த்தபடி உதடசைத்துப் படித்தான். "ஒரு நிமிஷம் ஐம்பது செகண்ட். ஏழாம் நம்பர் இங்க நிக்கறது நாப்பது செகண்ட். எப்படி மேடம் ஏறுவாங்க?"

நாலு மாதமாக அலுவலகத்தில் வெளிச்சம் பேசினார்கள், உயரம் பேசினார்கள், கண்ணாடியின் கனம் பேசினார்கள். நேரத்தை ஒருவரும் பேசவில்லை.

மறுநாள் காலை அவன் ஒரு தாளை நீட்டினான். எந்த வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தான். எழுத்து, அச்சில் வார்த்த மாதிரி. "ஏழாம் நம்பர்கிட்ட சின்ன அட்டை வைங்க. பதினெட்டு நிமிஷத்துக்கு ஒரு பஸ் வர்ற நாலாவது வரிசையில பெரிய கதையா வைங்க. அங்க ஆளுங்க கொட்டாவி விட்டே வாய் கிழிஞ்சு கிடக்கறாங்க."

"ஏன் சார் எனக்கு உதவி பண்றீங்க?"

"உங்களுக்கு இல்ல, மேடம். என் பஸ்ஸுக்கு."

சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பிப் போனான். காது மட்டும் சிவந்திருந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் அட்டைகளைச் சுருக்கி எழுதுவாள். அவன் விசிலும் கையுமாக நின்று படித்துப் பார்த்து, "ஆறு செகண்ட் குறைங்க" என்பான். "'மிகவும்'னு ஒரு வார்த்தை இருக்கே... அது எதுக்கு, சும்மா உக்காந்திருக்கு?" என்பான். அவளைப் 'பெட்டி மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தான். மாலையில் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு அவள் ஓடி வரும்போது ஆறு பத்து பஸ் எப்படியோ நின்றுகொண்டிருக்கும். இந்த ஊர் பஸ்கள் மேல் அவளுக்கு மரியாதை கூடிப்போயிற்று.

"நம்ம கடிகாரம் இப்பல்லாம் கொஞ்சம் ஸ்லோவா ஓடுது," என்று டிரைவர் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. அவளுக்குப் புரியவில்லை.

புரியாத சந்தோஷம் அது... ஆனால் அந்தச் சந்தோஷத்தின் முதுகில் ஒரு ஊசி குத்தியபடியே இருந்தது. பெட்டிகள் வைத்திருந்த இடத்திலிருந்து ஐம்பது அடிக்குள் மேம்பாலப் படிக்கட்டு. படிக்கட்டுக்கு அடியில் ஒரு தையல் மெஷின். மெஷினுக்குப் பின்னால், மணிக்கட்டில் ஊசி குத்திய பஞ்சுப் பட்டையோடு, குனிந்த தலை.

அது அவளுடைய அம்மா.

பொய் ரொம்பச் சின்னது. நாலு வருஷத்துக்கு முன்னால், வேலையில் சேர்ந்த முதல் நாள், சாப்பாட்டு மேஜையில் யாரோ கேட்டார்கள், "அம்மா என்ன பண்றாங்க?" என்று. "டிசைனிங்" என்றது வாய். "ஓ, ஃபேஷனா?" என்றார்கள். தலையை ஆட்டினாள். ஒரே ஒரு தலையாட்டல். அதை நாலு வருஷமாகத் தலையில் சுமந்துகொண்டு திரிகிறாள். பேன்ட்டின் நீளம் குறைப்பதும், பிரிந்த பாக்கெட்டைப் பிடிப்பதும், அறுந்த ஜிப்பை மாற்றுவதும்தான் அம்மாவின் டிசைனிங்.

இந்தத் தெருதான் அருங்காட்சியகத்துக்குத் தேர்வானது என்று தெரிந்த நாளில் அவள் வரைபடத்தில் முதலில் தேடியது அந்தப் படிக்கட்டைத்தான். 'ஆபீஸ் ஆட்கள் இருக்கும்போது நான் கடைப்பக்கம் வர மாட்டேன்' என்று அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அம்மா புரிந்துகொண்டாள். அதுதான் இன்னும் மோசம். காலையில் அம்மா ஒரு பஸ் முன்னால் வந்துவிடுவாள். மாலையில் ஒரு மணி நேரம் பின்னால் கிளம்புவாள்.

பதினொன்றாவது பெட்டிக்குப் பொருள் கிடைக்காதபோது, "எங்கேயிருந்தாவது பழசா ஏதாவது கொண்டு வாங்க" என்றார் பாஸ். அன்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து பெரிய கத்திரிக்கோல் ஒன்றை எடுத்தாள். பிடியில் நீலத் துணி சுற்றியிருந்தது. தேய்ந்த அலகு. புதுக் கத்திரி வாங்கிய பிறகும் தூக்கிப் போட மனம் வராத கத்திரி.

"இது போதுமா?"

"போதும்மா."

"கண்ணாடிக்குள்ள வைப்பீங்களா?"

"ஆமா."

அம்மா கொஞ்சம் தயங்கினாள். "பேரெல்லாம்... போடுவீங்களா?"

"போடுவோம்மா," என்றாள் அவள்.

மறுநாள் அட்டையில் எழுதினாள்: 'துணி வெட்டும் கத்திரிக்கோல். பெயர் அறியாத தையல்காரர் ஒருவர் பயன்படுத்தியது. உரிமையாளர்: தெரியவில்லை.' எழுதும்போது கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. கொஞ்சமாவது நடுங்கியிருக்கலாம்.

அந்தப் பெட்டியைப் படிக்கட்டுக்கு எதிர்த் திசையில், நாலாவது வரிசைக் கோடியில் கொண்டுபோய் வைத்தாள்.

ஆறாம் நாள் பாஸ் வந்திருந்தார். மேகம் இறங்கி, பட்டப்பகலில் தெரு விளக்குகள் எரிந்தன. அட்டைகள் சுருங்கியதில் அவருக்குப் பரம திருப்தி. "யாரும் பஸ்ஸை விடலை, ஆனா எல்லாரும் பார்க்கறாங்க. எப்படிப் புடிச்சீங்க இந்த ஐடியாவை?" என்றார். அவள் டைம் கீப்பரைக் கைகாட்டினாள். அவன் அசட்டுச் சிரிப்போடு பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டான். கோடியில் இருந்த பெட்டியை அவன் இன்னும் நேரம் பார்க்கவில்லை. "இதையும் பார்த்துடறேன் சார்," என்று குனிந்தான்.

குனிந்தவன் நிமிரவில்லை.

"இது... இது என் சட்டை!"

"என்னது?" என்றார் பாஸ்.

"பிடியில சுத்தியிருக்கு பாருங்க சார், இது என் பழைய யூனிஃபார்ம் பாக்கெட். இந்த மசிக் கறை நான் பேனாவைக் கவுத்தினது. தையலம்மாகிட்டக் குடுத்தேன். படிக்கட்டுக்குக் கீழ உக்கார்ந்திருப்பாங்களே, அவங்க கத்திரி சார் இது!" அவன் முகம் மலர்ந்திருந்தது, தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவனின் மலர்ச்சி. "உரிமையாளர் தெரியலைன்னு போட்டிருக்கீங்க பெட்டி மேடம். தெரியுதே! இருங்க, கூட்டிட்டு வரேன்."

"வேண்டாம்..." என்றாள் அவள். "ஒரே மாதிரி எத்தனையோ கத்திரி இருக்கும் சார்..."

"என் பாக்கெட் ஒண்ணுதான மேடம் இருக்கும்?"

போய்விட்டான். ஐம்பது அடி. பதினைந்து, இருபது எட்டு. ஓடிவிடலாமா என்று அவள் நினைத்தாள். உண்மையிலேயே நினைத்தாள்.

அம்மா வந்தாள். தோளில் ஒரு நூல் இழை ஒட்டியிருந்தது. நூலில் கட்டித் தொங்கவிட்ட கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டாள். பெட்டிமுன் குனிந்தாள். அட்டையை உதடசைத்து, எழுத்துக்கூட்டி, நிதானமாகப் படித்தாள்.

'தெரியவில்லை' என்ற இடத்தில் உதடுகள் நின்றன.

மழை ஒரு துளி, இரண்டு துளி... கண்ணாடியின் மேல் விழுந்தது. அம்மா நிமிர்ந்தாள். மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். இல்லை. ஒரு சட்டையை வாங்கிக் கையில் பிடித்து, எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்ப்பாளே... அந்தப் பார்வை.

"இல்ல தம்பி," என்றாள் அம்மா. "இது என்னோடது இல்ல. என்னோடது வீட்ல இருக்கு."

"அம்மா, நல்லாப் பாருங்க. என் பாக்கெட்டு..."

"நீலத் துணி ஊர் முழுக்க இருக்கும்ப்பா."

டைம் கீப்பர் அம்மாவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். ஒரே மாதிரியான மோவாய். ஒரே மாதிரி கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிற இரண்டு பேர். அவன் கண்களில் ஏதோ ஒன்று மெதுவாக விளங்குவதை அவள் பார்த்தாள். அதைவிட அந்தக் கண்ணாடிப் பெட்டி தலையில் உடைந்திருக்கலாம்.

"ஆமா சார்," என்றான் பாஸிடம். "என் கண்ணுதான் தப்பு. கறை இந்தப் பக்கம் இருக்கு... என்னோடது அந்தப் பக்கம்."

"பரவாயில்லம்மா, உங்களுக்குத்தான் சிரமம்," என்றார் பாஸ், மரியாதையாக.

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். போகத் திரும்பியவள் நின்று, மகளைப் பார்த்துச் சொன்னாள்:

"மழை வருது மேடம். பெட்டியை மூடிக்கோங்க."

அன்று மாலை அவள் ஆறு பத்து பஸ்ஸில் போகவில்லை. மழையிலேயே நடந்து போனாள். அம்மா வழக்கம் போல ஏழு மணி தாண்டி வந்தாள், கால் கழுவினாள், அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் சமையலறை வாசலில் நின்றாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தை நூறு தடவை மனதுக்குள் வெட்டித் தைத்தாள். ஒன்றும் பொருந்தவில்லை.

"அம்மா..."

"எழுத்து நல்லா பெருசா இருந்துச்சு," என்றாள் அம்மா, திரும்பாமல். "வயசானவங்ககூட கண்ணாடி இல்லாமப் படிக்கலாம். நல்லா செஞ்சிருக்க."

"நான் ஆபீஸ்ல..."

"நீ அங்க என்ன சொல்லியிருக்கேன்னு எனக்கு எதுக்குடி? சாப்பிடு. ஆறிடும்."

திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம். அவள் தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எதிரே அம்மா சாப்பிட்டாள், எப்போதும் போல. நடுவிரலில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த இடம் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. எத்தனை வருஷமாகப் பார்க்கிற விரல்! 'உழைக்கும் கைகளை நகரம் நின்று பார்க்கட்டும்...' குழுவின் முன் படம் போட்டுக் காட்டப் போகிற அறிக்கையில் அவள் எழுதிய முதல் வரி. எந்தக் கையை நினைத்து எழுதினாள்? தூரத்துக் கை என்றால் கொண்டாடலாம். பக்கத்துக் கை என்றால் மறைக்க வேண்டும்... தன்னைத் தானே அருவருப்போடு பார்த்துக்கொண்டாள்.

ஏழாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை அவள் டைம் கீப்பரின் பக்கம் போகவில்லை. நாலாவது வரிசைக்கே போகவில்லை. தூரத்தில் நீலச் சட்டை தெரிந்தால் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவன் முகத்தில் எதைப் பார்க்கப் பயந்தாள் என்று அவளுக்குத் தெரியும். இகழ்ச்சியைக்கூடத் தாங்கலாம். பரிதாபம் இருந்துவிட்டால்?

ஒருமுறை மட்டும், விசில் சத்தம் கேட்டுத் தெரியாத்தனமாகத் திரும்பிவிட்டாள். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் தலையைக் குனிந்துகொண்டான். தப்பு செய்தவன் மாதிரி.

அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் ஏன் குனிய வேண்டும்? ஒரு பொய் அவள் சொன்னாள். அந்த ஒரு பொய்க்காக, ஊசிமுனை அளவுகூடப் பொய் பேசாத அம்மா ஒன்று சொன்னாள். எட்டு வருஷம் ஒரு நிமிஷம்கூட மாற்றி எழுதாதவன் ஒன்று சொன்னான். தன் அழுக்கைத் துவைக்க மற்றவர்கள் கை நனைக்கிறார்கள்... இன்னும் எத்தனை பேர் நனைக்க வேண்டும்?

பத்தாம் நாள் காலை, குழு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், அவள் பதினொன்றாவது பெட்டியைத் திறந்தாள். அச்சடித்த அட்டையை எடுத்துவிட்டு, கையால் எழுதியதை வைத்தாள். மூடித் திரும்பினால் பாஸ் நிற்கிறார்.

"கையால எழுதியிருக்கீங்க? இன்னைக்கா?" என்றபடி குனிந்தார். படித்தார்.

'இந்தக் கத்திரிக்கோல் பதினேழு வருடம் துணி வெட்டியது. இந்தத் தெருவில் போகிறவர்களில் பாதிப் பேருடைய உடையை இது ஒருமுறையாவது தொட்டிருக்கும். இதை நான் யாருடையதென்று தெரியாது என்று எழுதினேன். தெரியும். என் அம்மாவுடையது. இடது பக்கம் திரும்பிப் பாருங்கள். படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறார்.'

கீழே அம்மாவின் பெயர். முழுப் பெயர், எழுத்து எழுத்தாக.

பாஸ் நிமிர்ந்தார். "டிசைனிங்னு சொன்னீங்களே..."

"ஆல்டரேஷன் சார். இடுப்பு குறைக்கிறது, நீளம் ஏத்தறது, ஜிப் மாத்தறது." முகம் தீயாய் எரிந்தது. ஆனாலும் பார்வையைத் தாழ்த்தவில்லை. "நாலு வருஷமாப் பொய் சொல்லிட்டேன். அன்னைக்கு உங்க முன்னாடி அவங்களையும் பொய் சொல்ல வெச்சுட்டேன்."

அவர் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"இந்தப் பேன்ட் வாங்கின நாள்லேர்ந்து தரையைக் கூட்டிக்கிட்டு இருக்கு," என்றார் கடைசியில். "இன்னைக்கே முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

குழு வந்தது. குடைகளோடு ஐந்து பேர். பெட்டி பெட்டியாக நின்றார்கள், குறித்துக்கொண்டார்கள், நகர்ந்தார்கள். கோடிப் பெட்டிமுன் வந்ததும் ஐந்து தலைகளும் ஒருசேர இடது பக்கம் திரும்பின. பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்களும் ஏன் என்று தெரியாமலே திரும்பினார்கள். மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கி, தெருவே தன்னைப் பார்ப்பதைக் கண்டு, பயந்துபோய்த் தன் உடையைச் சரிசெய்துகொண்டாள்.

அவளால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. எல்லாரும் பார்க்க, அந்த ஐம்பது அடியை நடந்தாள். அவள் நடந்த தூரங்களிலேயே நீளமானது அதுதான்.

"அம்மா... வா."

"எங்கடி? ஆபீஸ் ஆளுங்கள்லாம் நிக்கறாங்க, நீ போ..."

"நிக்கட்டும். வாம்மா."

கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். உதடுகள் அசைந்தன. இந்தத் தடவை எங்கும் நிற்கவில்லை, கடைசிவரை போய், பெயரில் வந்து நின்றன. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தன.

"தப்பு," என்றாள் அம்மா.

அவள் அட்டையை மறுபடி பார்த்தாள்.

"பதினேழு வருஷம்னு போட்டிருக்க. நீ ரெண்டாவது படிக்கும்போது வாங்கினது. பத்தொன்பது. நாலு பேர் படிக்கற இடத்துல கணக்கைத் தப்பாப் போடுவாளா?" குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "திருத்து."

அவள் பேனாவைத் தேடினாள். பக்கத்திலிருந்து ஒரு கை பேனாவை நீட்டியது. நீலச் சட்டைக் கை.

"மசி கொட்டும், பார்த்து," என்றான் டைம் கீப்பர்.

அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அன்னைக்கு நீயும் பொய் சொன்னியே தம்பி. கறை அந்தப் பக்கமாம், இந்தப் பக்கமாம்!" என்றாள். பிறகு மகளை ஒருமுறை பார்த்து, பேனா நீட்டிய கையை ஒருமுறை பார்த்து, கடைக்குத் திரும்பினாள். பாஸ் பேன்ட்டைக் காட்டியபடி பின்னாலேயே போனார்.

மாலையில் மழை விட்டிருந்தது. குழு முடிவைத் திங்கட்கிழமை சொல்வதாகப் போய்விட்டது. தெருவெல்லாம் நனைந்து, விளக்குகள் தண்ணீரில் நீண்டு கிடந்தன. அவள் நாலாவது வரிசையில் வந்து நின்றாள். மணி ஆறு ஐந்து. அவன் பதிவேட்டை மூடி, திறந்து, மூடி...

"மன்னிச்சிடுங்க மேடம்," என்றான். "அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். உங்க வீட்டு விஷயத்தைத் தெருவுல இழுத்துட்டேன். மூணு நாளா உங்க முகத்துல முழிக்க வெட்கமா இருந்துச்சு."

"உங்களுக்கா?" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. "நான்தான சார் வெட்கப்படணும். நீங்க என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பீங்கன்னு தூணுக்குத் தூண் ஒளிஞ்சுக்கிட்டிருந்தேன்."

"பார்த்தேன். தூண் சின்னது."

அவள் அந்தத் தூணைத் திரும்பிப் பார்த்தாள்.

"தையலம்மா உங்களைப் பத்திப் பேசாத நாளே கிடையாது. பேரைச் சொல்ல மாட்டாங்க, என்ன வேலைன்னும் சொல்ல மாட்டாங்க. 'என் பொண்ணு', அவ்வளவுதான். 'ஏன் கடைக்கே வர்றதில்லை'ன்னு ஒரு தடவை கேட்டேன். 'அவளுக்கு நேரமில்லப்பா'ன்னாங்க." அவன் கொஞ்சம் நிறுத்தினான். "நேரத்தைப் பத்தி என்கிட்டயே பொய் சொல்லியிருக்காங்க. நானும் நம்பியிருக்கேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னால நீங்களும் ஒரு பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு. எட்டு வருஷத்துல முதல் பொய்..."

"அது முதல் பொய் இல்ல."

அவன் பதிவேட்டைப் பிரித்து நீட்டினான். வெள்ளோட்டத்தின் இரண்டாம் நாள். அச்சில் வார்த்த மாதிரி எழுத்து: 6.10.

"அன்னைக்கு நீங்க நாடாவைச் சுருட்டிக்கிட்டு ஓடி வர்றீங்க. நான் விசில் ஊதலை. டிரைவர் என்னைப் பார்க்கறார். நான் வானத்தைப் பார்க்கறேன். பஸ் கிளம்பினது ஆறு பன்னிரண்டு." காது சிவந்துவிட்டது. "உள்ள நாப்பது பேர். ஒருத்தருக்காக நாப்பது பேரோட ரெண்டு நிமிஷத்தை எடுத்துட்டேனேன்னு அன்னைக்கெல்லாம் மனசு உறுத்துச்சு மேடம். அவமானமா இருந்துச்சு. இருந்தும் மறுநாள்..."

"மறுநாளுமா?"

"மறுநாள் ஒரு நிமிஷம்தான்."

அவள் சிரித்துவிட்டாள். பத்து நாளில் முதல்முறையாக, ஊசி குத்தாத சிரிப்பு. அவன் சிரிக்கவில்லை. அந்தத் தெளிவான கண்கள் கடிகாரத்தைப் பார்க்காமல், பஸ்ஸைப் பார்க்காமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏன் எடுத்தேன்னு கேட்க மாட்டீங்களா?" என்றான்.

"கேட்க வேண்டாம். நானே சொல்றேன்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "என் அம்மா யாருன்னு சொல்லவே எனக்கு நாலு வருஷம் ஆச்சு. இதுக்கும் அவ்ளோ நாள் எடுத்துக்குவேனோன்னு பயமா இருக்கு. அதனால இப்பவே சொல்லிடறேன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. சொல்லி முடிக்க மூணு செகண்ட்கூட ஆகலை பாருங்க."

அவன் கை விசிலைத் தேடியது. ஆறு பத்து பஸ் உறுமிக்கொண்டு நின்றது. "என்ன கடிகாரம், சாவி குடுக்கணுமா?" என்று டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

அவன் மணிக்கட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"இன்னைக்கு நிறுத்தி வைக்க மாட்டேன்," என்றான் மெதுவாக. "இனிமே தப்பா எழுதறதில்லைன்னு இருக்கேன்."

"எழுத வேண்டாம்."

விசில் ஊதினான். பஸ் கிளம்பியது. பதிவேட்டில் எழுதினான்: 6.10. சரியாக ஆறு பத்து.

அவள் ஏறவில்லை.

"அடுத்த பஸ் பதினெட்டு நிமிஷம் கழிச்சுத்தான்," என்றான், தலையைத் தூக்காமல்.

"தெரியும்," என்றாள் அவள். "அதுவும் வேண்டாம். ஏழு மணிக்கு அம்மாவோட சேர்ந்துதான் போகப் போறேன்."

படிக்கட்டுக்கு அடியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை நின்றது. யாரோ எட்டிப் பார்க்கிற அளவு நேரம்... பிறகு மறுபடி ஓடத் தொடங்கியது.